சுடாத மறுமொழி

உடனுக்குடன் மறுமொழி கூறும் ஆற்றல் இறைவன் அளித்த கொடைகளுள் ஒன்று. எங்கள் வடசென்னை மக்கள் அக்கொடையைக் குறைவின்றிப் பெற்றவர்கள். கடலோடும் துறைமுகத்தோடும் ஆலைச் சங்கொலியோடும் வாழ்கிறவர்களுக்கு நீட்டி முழக்கிப் பேச நேரம் ஏது?

காசிமேட்டு மீன் சந்தையில் ஒருவர், "என்னம்மா, தங்கம் விலை சொல்கிறாயே!" என்று சலித்துக்கொண்டார். "அப்ப தங்கத்தையே வாங்கிக் கொழம்பு வெச்சிக்க நைனா!" என்றார் மீன் விற்ற அம்மாள். கேட்டவரும் சிரித்தார், விலையும் சற்று இறங்கியது. திருவொற்றியூர் செல்லும் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிய இளைஞன், "காத்து வாங்கறேன் அண்ணே" என்றான். "காத்து வாங்கு தம்பி, மாலை வாங்கிடாதே" என்றார் நடத்துனர். இளைஞன் உள்ளே வந்துவிட்டான்.

இரண்டிலும் உள்ள நுட்பம் ஒன்றே. புதிதாகக் கல்லைத் தேடி எறிவதில்லை. மற்றவர் தந்த சொல்லையே சற்றுத் திருப்பி அவர் கையில் கொடுப்பது. அறிஞர் அண்ணா இதில் வல்லவர். 1949 செப்டம்பரில் தம் கட்சியின் தொடக்கப் பொதுக்கூட்டத்தை ராபின்சன் பூங்காவில் நடத்தியதால், இராயபுரத்தார்க்கு அவர் அயலார் அல்லர். 1967-இல் அவர் முதலமைச்சரானபின், சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், "உங்கள் நாட்கள் எண்ணப்படுகின்றன" என்றாராம். "என் அடிகள் அளந்து வைக்கப்படுகின்றன" என்று அண்ணா அமைதியாக விடையளித்தாராம். அதில் சினமும் இல்லை, இழிசொல்லும் இல்லை.

விவிலியத்திலும் இக்கலை உண்டு. மகளுக்காக மன்றாடிய கானானேயப் பெண்ணிடம், பிள்ளைகளின் உணவை நாய்களுக்கு இடுவது முறையன்று என்றார் இயேசு. அவள் புண்பட்டுத் திரும்பவில்லை. மேசையினின்று விழும் துணுக்குகளை நாய்களும் உண்ணுமே என்று, அவர் சொல்லையே பற்றிக்கொண்டு கேட்டாள். பரிசேயரின் வாயை அடைத்த ஆண்டவர், அப்பெண்ணின் மறுமொழிக்கு மகிழ்ந்து இடங்கொடுத்தார்.

இராயபுரம் என்னும் பெயரே புனித இராயப்பரால் வந்தது என்பர். படகோட்டிகள் எழுப்பிய இராயப்பர் ஆலயம் இன்றும் அங்கு நிற்கிறது. அவரும் நாவிரைவு மிக்கவரே. பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள் பல மொழிகளில் பேசக் கேட்ட சிலர், இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று ஏளனம் செய்தனர். இராயப்பர் எழுந்து, இப்போது காலை ஒன்பது மணிதானே ஆகிறது என்றார்! ஏளனம் செய்தவர்களை அதற்குமேல் அவர் தாக்கவில்லை. நற்செய்தியைக் கூறத் தொடங்கினார். அன்று திருமுழுக்குப் பெற்றவர் ஏறக்குறைய 3,000 பேர். அதே நா, சில வாரங்களுக்கு முன்னர் தலைமைக் குருவின் முற்றத்தில் ஒரு பணிப்பெண்ணுக்கும் விரைந்து விடையளித்தது. அன்று பேசியது அச்சம். பின்னர் பேசியது ஆவியானவர் தந்த துணிவு. நாவின் விரைவு மாறவில்லை, உள்ளம் மாறியிருந்தது.

இதனை நம் இல்லங்களில் எண்ணிப் பார்ப்பது நலம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஆலை மூடப்பட்டதால் தந்தை வேலையின்றி இருந்தார். உறவினர் கூடியிருந்த மாலையில், "விளக்கை அணை தம்பி, கரண்டு பில் ஏறுகிறது" என்றார். "நீங்களா கட்டுகிறீர்கள்?" என்றான் மகன். எல்லாரும் சிரித்தனர். தந்தை எழுந்து சென்று தாமே விளக்கை அணைத்தார். அதன்பின் பல மாதங்கள் அவர் அவ்வீட்டில் எதையும் கேட்கவில்லை. மகனின் விடையில் பொய்யில்லை; விரைவும் இருந்தது. ஆனால் தந்தைக்குச் சிரிக்க இடமில்லை. மீன் சந்தையில் இருந்த இடம் வீட்டில் இல்லாமற் போயிற்று!

எனவே ஓர் அளவுகோல் கொள்வோம். விடை பெற்றவரும் நம்மோடு சேர்ந்து சிரிக்க முடிந்தால் அது சாதுரியம்; முடியாவிட்டால் அது அடி. எழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். பேச்சுக்குக் கண நேரம்தான். கடிதத்திற்கோ ஓர் இரவு முழுதும் உண்டு. சூடான விடையை எழுதி மேசையில் வைத்துவிட்டு, காலைச் செபத்திற்குப்பின் படித்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அதில் பாதி வரிகள் தேவைப்படா.

ஏரோதின் கேள்விகளுக்கு ஆண்டவர் ஒரு விடையும் கூறவில்லை. தெரியாததால் அன்று. சில வேளைகளில் மௌனமும் ஒரு மறுமொழியே.