பாதி மலை

ஆனைக்குட்டத்தில் வளர்ந்தவனுக்கு மலை என்பது மேற்கே தெரியும் ஒரு நீலக்கோடு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு அப்பாலேயே தீர்ந்துவிடும். இந்த வறட்சியில்தான் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேர்பிடித்தன. ஆனால் எங்கள் ஊர் அணைக்கு வரும் அர்ச்சுனா நதிக்கும் அந்த மலைச்சரிவுகளே தாய்வீடு. மழையை மறிப்பதும் நீரைத் தருவதும் ஒரே மலை என்பதை வெகுகாலம் நான் யோசித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடந்த நாட்களில், ஐப்பசிப் பௌர்ணமிக்கு நண்பர்கள் நால்வர் சதுரகிரிக்குப் புறப்பட்டோம். ஒருவர் பட்டாசு ஆலை போர்மேன். ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றொருவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். ஆசிரியரின் பையில் ஒரு பித்தளைத் தூக்கு நிறைய நெய் இருந்தது. அவருடைய அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக நேர்ந்துகொண்டது.

வத்திராயிருப்பு தாண்டித் தாணிப்பாறையை அடைந்தபோது வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மழை பெய்தால் வனத்துறை மலையேற அனுமதிக்காது. அன்று அனுமதி இருந்தது. 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகவும், 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் இருக்கும் காடு அது. மாங்கனி ஓடையில் கணுக்காலளவு நீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடியே கடந்தோம்.

வழுக்குப்பாறையில் வெயில் சுட்டது. அடுத்த திருப்பத்தில் மஞ்சு இறங்கி, முன்னால் நடந்தவரின் முதுகு மறைந்தது. சிறு தூறல்; மீண்டும் வெயில். எங்கள் ஊரில் ஒரு பருவம் முழுக்க நிகழாத மாற்றங்கள் ஒரு மணி நேரத்தில் நிகழ்ந்தன. அச்சக நண்பர் குழந்தையைப்போல் வாய்திறந்து தூறலை வாங்கிக்கொண்டார்.

கோரக்கர் குகையை நெருங்கும்போது மலைமுகட்டுக்கு அப்பாலிருந்து ஓர் உறுமல் கேட்டது. போர்மேன் நின்றுவிட்டார்.

"இறங்கிருவோம்."

"பாதி மலை வந்தாச்சு, மாப்ளே. தலைக்கு மேல வெயில் அடிக்குது பாரு," என்றார் ஆசிரியர்.

"இங்க அடிக்குது. மேல பெய்யுது."

ஆசிரியர் பையைத் தொட்டுக்காட்டினார். போர்மேன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மருந்து ரூம்ல இருக்கும்போது இடி கேட்டா, கையில உள்ளதைப் போட்டுட்டு வெளிய வரணும். இன்னும் நாலுதான் பாக்கின்னு உக்காந்தவனை நான் பாத்திருக்கேன்."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த வாக்கியத்தின் மறுபாதி எல்லோருக்கும் தெரியும்.

இறங்கினோம். ஆசிரியர் இருபதடி முன்னால் தனியாக நடந்தார். கோபம் அவருடைய தோள்களில் தெரிந்தது. வழியெல்லாம் வெயில். தவறாக முடிவெடுத்துவிட்டோமோ என்று எனக்கே தோன்றத் தொடங்கிவிட்டது. மாங்கனி ஓடையின் இரைச்சல், ஓடை கண்ணில் படுவதற்கு முன்பே கேட்டது. காலையில் கணுக்காலை நனைத்த நீர், செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடியது. 2015 மே மாதம் இதே மலையில் திடீர் வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்டுபோனது நினைவில் வந்தது. நால்வரும் கைகோத்துக் கடந்தோம். நடுவில் ஆசிரியரின் கையைப் பற்றியிருந்தவர் போர்மேன்தான். கரையேறி அரைமணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் கால்வைத்த பாறைகளைக் காணவில்லை. இறங்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் தலைமேல் ஒரு துளி விழுந்திருக்கவில்லை.

பாதியில் திரும்புவதைத் தோல்வி என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். அன்று எங்களைத் திருப்பியது கோழைத்தனமல்ல, யாரோ உயிரைக் கொடுத்து எங்கள் ஊருக்குக் கற்றுத்தந்த பாடம் என்றே இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாள் ஆனைக்குட்டம் அணைக்குப் புதுத்தண்ணீர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் கடந்த ஓடையின் நீர்தானா அது? இடையில் எத்தனையோ கண்மாய்கள். யாரால் சொல்ல முடியும்? போர்மேனைப் பார்க்கக் கூப்பிட்டது ஆசிரியர்தான். கரையில் நின்று நெடுநேரம் அந்தக் கலங்கல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நெய் என்னாச்சு?" என்றார் போர்மேன்.

"இருக்கு. தையில போவோம்."

போர்மேன் தலையசைத்தார். அவருடைய கண்கள் மேற்கே அந்த நீலக்கோட்டின்மீது இருந்தன.