வாவல் பொறப்பட்டுட்டு, மனே

மூத்தம்மாவுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. அவவுக்கு அது தேவைப்படவும் இல்லை. மஃரிபு தொழுது முசல்லாவை மடித்துக்கொண்டு முற்றத்துக்கு வருவா. கிட்டங்கிப் பக்கம் வயலுக்கு மேலே இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கும். முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியாத கறுப்பு. "வாவல் பொறப்பட்டுட்டு, மனே. ஓத இரி." நாமிருவரும் கிணற்றடியில் ஒளிந்திருந்து, "இன்னும் வரல்ல மூத்தம்மா" என்று புளுகியது உனக்கு ஞாபகம்தானே?

மருதமுனையில் அந்நேரம் தறிச்சத்தம் ஓய்ந்திருக்கும். கடல் இரைந்துகொண்டிருக்கும். தலைக்கு மேலால் பழந்தின்னி வாவல் போகும்போது, ஈரச் சாரனை யாரோ உதறுகிற மாதிரிச் சத்தம். வயலோரத்து இலுப்பை பூத்தால் அங்கேதான் திருவிழா. புளித்த இனிப்பு வாசமும் வாவலின் மூத்திர நாற்றமும் கலந்து ஒரு மணம் வரும்; நல்லது கெட்டது என்று அதைப் பிரிக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாவல் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். விடிந்தால் மணலெல்லாம் சக்கை. வாவல் கடித்த கொய்யாதான் இனிக்கும் என்று நாம் அடிபட்டுத் தின்றோம். 2018இல் கேரளத்தில் வாவலால் பரவும் நிபா நோய் வந்தபோது, அந்தக் கொய்யாக்களை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் பிள்ளைகளை நான் தின்ன விடமாட்டேன்.

வாவலைப் படிப்பதற்கென்றே மனுசர் இருக்கிறார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. இலங்கையில் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தேயிலைத் தோட்டத்துரை 1935இல் பாலூட்டிகளைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவர் மதுரை ஆய்வாளர் ஒருவர். காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த எம். கே. சந்திரசேகரன் முதலில் ஜெர்மனியில் பழ ஈயின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர். மதுரைக்கு வந்ததும் குகை வௌவாலிடம் போனார். மாரிமுத்து, ராஜன் இருவரோடும் சேர்ந்து அவர் 1981இல் வெளியிட்ட ஆய்வை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! வெளிச்சமே எட்டாத குகை. உள்ளே கூட்டில் அடைத்த வௌவால்கள். பொழுது பட்டதை அவை எப்படி அறியும்? குகையிலுள்ள மற்ற வௌவால்கள் அந்தியில் கிளம்பிப் போகின்றன, விடியுமுன் திரும்புகின்றன. அந்தப் போக்குவரவை ஒட்டியே கூட்டுக்குள் இருப்பவையும் நேரம் பிசகாமல் விழித்தன. துணையில்லாத வேறொரு குகையில் வைத்தபோது, வெளியுலகத்து நாளோடு ஒட்டாமல், தங்கள் உடம்பு சொன்ன கணக்கிலேயே விலகிப் போயின.

வாசித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதை மூத்தம்மாவிடம் சொல்லியிருந்தால், "இதுக்கு ஒரு படிப்பா?" என்றிருப்பா.

கடலோரத்து வீடு 2004 மார்கழி 26இல் சுனாமியோடு போயிற்று. வீட்டுத்திட்டத்தில் மூத்தம்மாவுக்கு மாடியில் ஓர் அறை கிடைத்தது. மேற்கு யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். கொழும்பிலிருந்து ஒரு சாமான் வாங்கிப் போனேன், பெரிய இலக்கம் போட்ட சுவர் மணிக்கூடு. கட்டிலுக்கு நேரே ஆணியடித்து மாட்டினேன். டிக் டிக் என்று நல்ல சத்தம்.

மூத்தம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா:

"இப்ப என்ன நேரம் மனே?"