கம்பி ஆறுவதற்குள்...

கார்த்திகையன்று குழந்தைகள் கம்பி மத்தாப்புக் கொளுத்துகிறார்கள். பூவெல்லாம் உதிர்ந்து அடங்கிய பிறகும் கம்பி மட்டும் சிவந்து கிடக்கும். "தொடாதேடா, சுடும்!" என்று நீங்கள் கூவுவது அந்தச் சிவப்பைப் பார்த்துத்தானே? ஆகாயத்திலும் அப்படி ஒன்று உண்டு. அதைப் பார்க்க இரவெல்லாம் கண் விழிப்பவர்களும் உண்டு.

மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து உள்ளுக்குள் நொறுங்கும்போது, சில சமயம் காமாக் கதிர்கள் பீறிட்டுக் கிளம்புகின்றன. பெரும்பாலும் சில விநாடி அல்லது சில நிமிஷம், ஆட்டம் முடிந்தது. பூமியின் காற்று அவற்றைக் கீழே விடாது. 1967ல், அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக் கோள்கள்தாம் முதலில் இதைக் கண்டன. வெடித்தது பக்கத்திலா, கோடானு கோடி மைலுக்கு அப்பாலா? பல வருஷம் இதே தர்க்கம். 1997 பிப்ரவரி 28ந் தேதி நிகழ்ந்த வெடிப்புக்குப் பிறகுதான், அதே இடத்தில் மங்கிக் கொண்டிருந்த வெளிச்சத்தை டெலஸ்கோப் பிடித்தது. பாய்ந்து வந்த துகள்கள் சுற்றியுள்ள வாயுவில் மோதி எழுப்பும் ஒளி அது. பின்னொளி என்று சொல்லலாம்.

"அணைஞ்சு போனதைப் பார்க்கவா இத்தனை பாடு?" என்றாள் என் அத்தை. இந்தக் கேள்வியை அத்தை கேட்டிருக்கக் கூடாது!

சிறு வயதில் எனக்கு டைபாய்டு வந்தபோது, மேலமாசி வீதிப் பக்கம் எங்கள் வீட்டில் முன்னிரவு அம்மா, நடு ஜாமம் அத்தை, விடியற்காலை அடுத்த வீட்டு மாமி என்று முறை வைத்து விழித்தார்கள். நாலு மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்து, காலண்டர் தாளின் பின்புறம் குறிப்பார்கள். டாக்டர் என்னைப் பார்க்கும் முன் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். ஒரு வேளை விட்டுப் போயிருந்தால், "ஜுரம் எப்போது இறங்க ஆரம்பித்தது?" என்று முகத்தைச் சுளிப்பார்.

பின்னொளிக்கும் அதே தாள்தான். மணிக்கு மணி பிரகாசத்தைக் குறித்து வந்தால், சரிவு சட்டென்று செங்குத்தாகும் இடம் ஒன்று வரலாம். அதைக் கொண்டுதான், வெடிப்பு எல்லாப் பக்கமும் பரவியதா, குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே திசையில் பீய்ச்சியதா என்று கணக்கிடுகிறார்கள். ஒரு நாட்டில் பொழுது விடிந்தால் அடுத்த நாட்டார் பார்க்க வேண்டும். ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே உள்ள நாம் தூங்கி விட்டால், தாளில் அந்த வரி காலி.

நாம் தூங்கவில்லை. நம் ஜவ்வாது மலையில், பட்டணத்து விளக்குகளுக்கு எட்டாமல் இருட்டைத் தேடிப் போன வைனு பாப்பு தேர்ந்தெடுத்த ஊர் காவலூர். அங்கே அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் டெலஸ்கோப், 2000 மார்ச் 1ந் தேதி வெடிப்பின் பின்னொளியை 2 முதல் 4ந் தேதி வரை அளந்தது. 2001 பிப்ரவரி 22ல் இன்னொன்று. அது தெரிந்தபோது நமக்குப் பட்டப்பகல்! ஏறக்குறைய 14 மணி நேரம் கழித்து, காவலூரும் லடாக்கின் ஹன்லேயும் பார்க்கத் தொடங்கின. ஆராய்ந்தவர்களில் அனுபமா, பார்கவி என்ற பெயர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அந்த ஒளி 900 கோடி வருஷத்துக்கும் முன்னால் கிளம்பியது. பாதி வழி வந்த பிறகுதான் பூமியே பிறந்தது!

இப்போது ஹன்லேயில் தானாகவே திரும்பிப் பார்க்கும் டெலஸ்கோப்பும் இருக்கிறது. 2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறே முக்கால் மணி சுமாருக்கு, இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு வந்து சேர்ந்தது. அதன் பின்னொளியையும் ஹன்லே படமெடுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வெடிப்பு வந்த திசை அந்த நேரம் மதுரையில் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே. விளக்கு வைத்து முக்கால் மணி ஆகியிருக்கும். நீங்கள் அடுப்படியில் இருந்திருப்பீர்கள்.