மலையடிவாரப் பள்ளி: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 2, 2024, திங்கள்

பள்ளி விடுமுறை. நேற்று மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டன. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். பேரிடர் மீட்புப் படையினர் மழையிலேயே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது, அது கடலோரத்தோடு போய்விடும் என்றுதான் ஊரே நினைத்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதாகச் செய்தி. தென்பெண்ணைக் கரையெல்லாம் வெள்ளம்.

கை நடுங்குகிறது. எழுதினால் கொஞ்சம் அடங்கும் போலிருக்கிறது.

டிசம்பர் 3

ஏழு பேரும் போய்விட்டார்கள்.

டிசம்பர் 4

கோயிலில் தீபத் திருவிழாக் கொடியேற்றம். நான் போகவில்லை.

டிசம்பர் 6

எட்டாம் வகுப்பில் யாரும் பேசவில்லை. வருகைப் பதிவை அரசின் எமிஸ் தளத்தில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சரிவு நடந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருக்காரி.

“மிஸ், மலைதானே நம்ம சாமி? அப்புறம் ஏன் மிஸ் விழுந்துச்சு?”

இந்த ஊரில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அக்னித் தலம், மலையே லிங்கம் என்று தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்த பிள்ளை. சாமியின் சோதனை என்று சொல்லிவிடலாம். அந்த ஐந்து பிள்ளைகளை நினைத்தால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஓயாமல் மழை பெய்தால் மண் நீரைக் குடித்துக் கனக்கும், அடியிலிருக்கும் பாறையோடு அதற்கு இருந்த பிடி விடும், பிறகு சரிவில் நிற்காது.

கவனமாகக் கேட்டாள். “அப்போ எங்க வீட்டு மேலயும் விழுமா மிஸ்?”

“தெரியாதும்மா. புவியியல் தெரிஞ்சவங்க வந்து மலையைப் பார்த்துட்டிருக்காங்க. மறுபடி பெரிய மழை வந்தா, ராத்திரியானாலும் வீட்ல எல்லாரும் இங்க வந்துடுங்க. சாவி என்கிட்டதான் இருக்கு.”

யாரைக் கேட்டு இதைச் சொன்னேன்? ஜூனில் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றதிலிருந்து நான் பொறுப்பு, அவ்வளவுதான். சத்துணவுப் பதிவேடு, சம்பளப் பட்டியல், கழிப்பறைக் குழாய் என்றுதான் இதுவரை என் பொறுப்பு ஓடியது. மாலை மேலிடத்துக்குத் தகவலாக ஒரு கடிதம் எழுதினேன். அனுமதி கேட்கும் வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

ரமணாசிரமம். ஆகஸ்டில் தலைமைப் பண்புப் பயிற்சி ஒன்றில் ‘உங்கள் வாழ்வின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொன்னார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அது காலிதான். இங்கே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து அதே கேள்வியோடு கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு ரமணருடைய மௌனத்தைவிடச் சமையலறைதான் நெருக்கம். 1896 செப்டம்பரில் பதினாறு வயதில் மதுரையிலிருந்து இங்கே வந்தவர், 1950 ஏப்ரலில் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அதில் பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து காய் நறுக்க உட்கார்ந்திருக்கிறார். சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். பந்தியில் மற்றவர்களுக்கு விழுந்ததைவிடத் தன் இலையில் அதிகம் விழுந்தால் கண்டிப்பார். ஊரே குருவென்று வணங்கியவர். அங்கே உட்கார்ந்திருந்தபோது, நாளைக்குச் சத்துணவுக்கூட அடுப்பருகே ஒழுகும் ஓட்டை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தியானம் கலைந்ததாக நினைக்கவில்லை.

டிசம்பர் 10

பெரிய தேர். கூட்டம். மனசு கொஞ்சம் லேசு.

டிசம்பர் 11

இந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. மலையுச்சித் தீபத்துக்குக் கொப்பரையும் நெய்யும் கொண்டுபோகிறவர்கள் மட்டும் ஏறலாம். 2,668 அடி. மழையில் ஊறிய பாதை. ஏழாம் வகுப்புப் பையனின் அப்பா பர்வதராஜ குலத்தார், ஆண்டுதோறும் சுமக்கிறவர். வழியில் பார்த்தேன். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“பயந்தா யாரு டீச்சர் ஏத்துறது?” என்றார். பிறகு அவரே சொன்னார்: “சுமக்கிறவன் தோளு மாத்துன்னு வாயத் தொறந்து கேக்கமாட்டான் டீச்சர். மானம். பின்னாடி வர்றவன் நடையப் பாத்து, தானா வந்து தோளு குடுக்கணும்.”

டிசம்பர் 12, இரவு

பகலெல்லாம் மழை. சைக்கிளில் வந்து கதவைத் தட்டினான் ஒரு பையன். பள்ளியைத் திறந்தேன். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் குடும்பமும் இன்னும் சிலரும் பாயோடு வந்தார்கள். சத்துணவு அமைப்பாளர் கேட்காமலேயே வந்து பாலைக் காய்ச்சினார். பிள்ளைகள் பெஞ்சில் தூங்குகிறார்கள். பெரியவர்கள் யாரும் தூங்கவில்லை. மழைச் சத்தம் கூடும்போதெல்லாம் எல்லோரும் மலைப்பக்கம் திரும்புகிறோம். எனக்கும் பயம்தான்.

டிசம்பர் 13

ஆறு மணிக்குத் தீபம் தெரிந்தது. பள்ளி வாசலில் நின்றே அரோகரா சொன்னோம். அழுதேன்.

டிசம்பர் 16

ஆறாம் வகுப்பு ஆசிரியை வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. ஒரு நாள்கூட விடுப்புக் கேட்கவில்லை. இன்று கரும்பலகையில் தேதியை இரண்டு முறை தப்பாக எழுதினார். மதியத்துக்கு மேல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணக்குப் பாடத்தை நான் எடுத்தேன்.

டிசம்பர் 17

எரிச்சல். எல்லோர் மேலும்.

டிசம்பர் 19

சாவிக்கு ஒரு நகல் எடுத்துச் சத்துணவு அமைப்பாளரிடம் கொடுத்தேன். அவர் வீடு என் வீட்டைவிடப் பள்ளிக்கு அருகில்.

எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். போளூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட நினைக்கிறார். பின்னாலேயே அவள் அப்பா வந்தார். இங்கே வேலை, இங்கே வீடு, எங்கே போவது என்கிறார். இருவரும் என்னைப் பார்த்து “நீங்க சொல்லுங்க மிஸ்” என்றார்கள். அந்தத் தெருவில் இனி குடியிருக்கலாமா என்று யாரும் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அவர்களோடு நானும் போகிறேன். சான்றிதழ் விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் மேஜையில் இருக்கிறது.