கெமிக்கல் விக்காத கன்சல்டன்ட்டு

ஆம்பூர்க்காரன்னு சொன்னதும் "பிரியாணி எந்தக் கடையில நல்லா இருக்கும்?"னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட பதில் ரெடியா இருக்கு. "என்ன தொழில் பண்றீங்க?"ன்னு கேட்டாத்தான் கொஞ்சம் திணறுவேன். தோல் தொழில்ல தனியா கன்சல்டன்டா இருக்கேன்னு சொன்னா உடனே அடுத்த கேள்வி வரும்: "எந்தக் கம்பெனி கெமிக்கல் விக்கிறீங்க?" எதுவும் விக்கலைங்க. "அப்புறம் வருமானம் எங்கேர்ந்து வருது?"

நியாயமான கேள்விதான். இதுக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கே ஒரு வருஷம் ஆச்சு.

தோல் தொழில் பரிச்சயம் இல்லாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பச்சைத் தோல் டேனரிக்குள்ள போய், ஷூ தைக்கிற தோலா வெளியே வர்றதுக்குள்ள சுண்ணாம்பு, சல்பைடு, ஆசிட், குரோம், சாயம், எண்ணெய்னு ஒரு பெரிய பட்டியலைக் குடிச்சிட்டு வரும். இதையெல்லாம் விக்கிற கம்பெனிகள் கூடவே ஒரு டெக்னீஷியனையும் அனுப்பும். அவர் வந்து பார்ப்பார், ரெசிபி எழுதிக் கொடுப்பார், ட்ரம் பக்கத்துல நின்னு ட்ரயல் போட்டுக் காட்டுவார். எல்லாம் இலவசம். பல பேர் நிஜமாவே கெட்டிக்காரங்க, எனக்கு சீனியர்ஸ். ஆனா அந்த ரெசிபியில ஒவ்வொரு வரியிலும் அவங்க கம்பெனி சரக்கு பேருதான் இருக்கும் :) இதுல தப்பு ஒண்ணும் இல்லை, அவர் சம்பளம் அந்த டின்னோட விலைக்குள்ளேயே இருக்கு. ஆனா இப்படியே பழகிப் பழகி, ஆலோசனைங்கறது காசு கொடுத்து வாங்குற பொருளே இல்லைன்னு எங்க ஊர்ல ஆகிப்போச்சு.

நான் படிச்சது அண்ணா பல்கலைக்கழகத்தோட பி.டெக். தோல் தொழில்நுட்பம். வகுப்பெல்லாம் அடையாறு சி.எல்.ஆர்.ஐ. வளாகத்துலதான். அப்புறம் பதினாலு வருஷம் டேனரி வேலை. 2014ல விட்டேன். ஏன்னு தனியாவே ஒரு பதிவு போடலாம். ஒரே டேனரியில ஒரே ஆர்ட்டிகிளை வருஷக்கணக்கா ஓட்டினா கை பழகிடும், மூளை துருப்பிடிச்சிடும்னு மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

விசிட்டிங் கார்டு அடிச்சாச்சு. பைக்கை எடுத்துக்கிட்டு துத்திப்பட்டு, பெரியவரிகம், பேரணாம்பட்டு, வாணியம்பாடின்னு சுத்தினேன். டீ எல்லா இடத்துலயும் கிடைச்சது. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்னு சொன்னதும், "தம்பி, அவங்க ஆளு சும்மாவே வந்து சொல்லிட்டுப் போறாரே"ன்னு சிரிப்பாங்க. முதல் எட்டு மாசத்துல நான் போட்ட பில் மொத்தம் மூணு. வீடு ஓடினது டீச்சர் வேலை பாக்குற என் வீட்டம்மா சம்பளத்துல.

அந்த நேரம் பார்த்து ஒரு சப்ளையர் வந்தார் (பேர் வேண்டாமே). "சார், நீங்க வழக்கம்போல எழுதுங்க. எங்க சரக்கு பேரை மட்டும் எழுதுங்க. கிலோவுக்கு இவ்வளவுன்னு வீட்டுக்கே வந்துடும்." கணக்குப் போட்டுப் பார்த்தா நான் விட்டுட்டு வந்த சம்பளத்தை விட அதிகமா வந்தது! ஃபீல்டுல இது சாதாரணம். வாங்குறவங்களை நான் குறை சொல்லவும் மாட்டேன், அவங்கவங்க வீட்டுக் கஷ்டம் அவங்கவங்களுக்கு. ராத்திரி வீட்டம்மாகிட்ட சொன்னேன். நோட்டு திருத்திக்கிட்டே, "அப்ப நீங்களும் அவங்க ஆளுதானே? இதுக்கு எதுக்கு வேலையை விட்டீங்க?"ன்னாங்க.

அதானே! கமிஷன் வாங்கினா நானும் அந்த இலவச டெக்னீஷியனும் ஒண்ணுதான். என்ன, அவருக்கு பி.எஃப். உண்டு, எனக்குக் கிடையாது. பெரிய லட்சியம்னெல்லாம் நினைச்சிடாதீங்க, கணக்கு உதைச்சது, வேண்டாம்னு சொல்லிட்டேன்.

அப்புறம் வந்தது 2015 மே 1. உடம்புல படுற தோல் பொருள்ல ஆறாம் நிலை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய யூனியன் போட்ட விதி அன்னைக்குத்தான் அமலுக்கு வந்தது. தோல்ல நாம போடுறது மூணாம் நிலை குரோமியம், அதனால பிரச்சினை இல்லை. ஆனா அது தோலுக்குள்ள உக்காந்துக்கிட்டே சில சூழ்நிலைல ஆறா மாறிடும். அங்கதான் வம்பு.

ஒரு பாய் போன் பண்ணினார். லைனிங் தோல் ஒரு லாட் டெஸ்ட்ல அவுட். சாயக் கம்பெனி ஆளு வந்து எண்ணெய் மேல பழி போட்டார். எண்ணெய்க் கம்பெனி ஆளு குரோமைக் கை காட்டினார். குரோம் விக்கிறவர் சாயத்தைச் சொன்னார். எல்லாருமே இலவசமாத்தான் வந்தாங்க, எல்லாருமே அவங்கவங்க டின்னுக்கு நற்சான்றிதழ் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. "உனக்குத்தான் டின்னு கிடையாதே தம்பி, நீ வந்து பாரு"ன்னார் பாய்.

மூணு நாள் ட்ரம் பக்கத்துலயே கிடந்தேன். மெயின் குற்றவாளின்னு ஒருத்தரும் இல்லை, கூட்டுச் சதி! சாயம் உள்ளே இறங்கறதுக்காக அமோனியா ஊத்தி பி.எச்.சை ஏத்தியிருந்தாங்க. ஃபேட் லிக்கர்ல மீன் எண்ணெய். இதெல்லாம் போதாதுன்னு கிரஸ்ட் தோலை அடுக்கி வச்சிருந்தது தகர ஷீட் போட்ட குடோன்ல. எங்க பக்கத்து மே மாச வெயில் உங்களுக்கே தெரியும். சூடு, வறண்ட காத்து, ஆக்சிஜனோட சேர்ந்து கெட்டுப்போற எண்ணெய், ஏறின பி.எச். நாலும் சேர்ந்தா மூணு ஆறாகாம என்ன செய்யும்?

அமோனியாவை நிறுத்தினோம். பி.எச்.சை இறக்கினோம். மீன் எண்ணெய்க்குப் பதில் சிந்தெடிக். ரீடேனிங்ல கொஞ்சம் தாவர டேனின் சேர்த்தோம், ஆக்சிஜனேற்றத்தை அது மறிக்கும். (ஆவாரம்பட்டை, கடுக்காய்னு போட்டு ஊற வச்ச நம்ம தாத்தாக்கள் எங்கேயோ இருந்து சிரிச்சிருப்பாங்க.) ரெசிபியில இருந்த ரெண்டு அயிட்டத்தை மொத்தமாவே அடிச்சுட்டேன், அதுல வேலையே இல்லை. தோலை 80 டிகிரியில 24 மணி நேரம் வச்சு முதுமை வரவழைச்சு, அப்புறம் ஐ.எஸ்.ஓ. 17075 படி டெஸ்ட். பாஸ்.

பாய்க்கு டெஸ்ட் ரிப்போர்ட்டை விட அந்த அடிச்ச ரெண்டு வரிதான் பிடிச்சது. "இத்தனை வருஷத்துல 'இதைப் போடாதே'ன்னு எழுதிக் கொடுத்தவன் நீ ஒருத்தன்தான்"ன்னார். பில்லுக்குப் பணம் அறுபது நாள் கழிச்சு வந்தது, அது வேற விஷயம். "மாசம் ரெண்டு நாள் வந்துடு"ன்னு சொன்னாரே, என் தொழில் அன்னைக்குத்தான் ஆரம்பிச்சது.

சீனியர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்போ அவர் அலட்டிக்கவே இல்லை. 1989ல ஜெர்மனி பி.சி.பி.யைத் தடை பண்ணினப்பவும், 1994ல சில அசோ சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தப்பவும் இதே ஓட்டம்தானாம். எங்கேயோ ஒரு நாட்டுல ஒரு சட்டம் மாறும், இங்க பேரணாம்பட்டுல ஒருத்தருக்குத் தூக்கம் போகும், இன்னொருத்தருக்கு வேலை கிடைக்கும். இப்போ எனக்கு வர்ற வேலையில பாதி லெதர் ஒர்க்கிங் குரூப் ஆடிட்டுக்குத் தயார் பண்றது. தண்ணி எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, தோல் எங்கேர்ந்து வந்ததுன்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேணும். தோல்ல கையே வைக்காம பைல்ல கை வைக்கிற வேலை, எனக்கு அவ்வளவா பிடிக்காது. ஆனா காசு ஒழுங்கா வருது.

இப்ப ஏழு டேனரி, கூட ரெண்டு பசங்க. நானே வச்சுக்கிட்ட ஒரு விதி உண்டு: ஒரே பையருக்கு ஒரே ஆர்ட்டிகிள் பண்ற ரெண்டு டேனரியை எடுக்க மாட்டேன். இது சின்ன ஊருங்க. ஜும்மா முடிஞ்சு டீக்கடைல, "அவங்க பிளாக் மட்டும் எப்படி அவ்வளவு கறுப்பா வருது?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே இன்னொரு டீ சொல்லிடுவேன். ஒரு ரெசிபி வெளியே போச்சுன்னா ஏழு கதவும் ஒரே நாள்ல சாத்திடும்.

எங்க ஊர்ல டி.டி.எஸ்.னா ரெண்டு. ஒண்ணு என் பில்லுல 10 சதவீதம் பிடிக்கிறது. அது ரிட்டர்ன் போட்டா திரும்பி வந்துடும். இன்னொண்ணு தண்ணியில கரைஞ்ச உப்பு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான் கழிவு நீருக்கு வரம்பு. ஆனா மண்ணுக்குள்ள போன உப்பு எதுவும் திரும்பி வராது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு சொன்னது, மாசுபடுத்தினவனே இழப்பைக் கட்டணும்னு. 2015 ஜனவரி 31ல ராணிப்பேட்டைல கழிவுத் தொட்டி இடிஞ்சு 10 பேர் செத்தாங்க. 2025 ஜனவரி 30ல பாலாறு விஷயமா உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாலாத்தங்கரைல எங்க சொந்தக்காரங்க கிணறு ஒண்ணு இருக்கு, அந்தத் தண்ணியில டீ போட்டா பால் திரிஞ்சிடும். இந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போடுது. உப்பைக் குறைங்கன்னு நான் எழுதிக் கொடுக்கும்போது ஆத்துக்காகன்னு சொன்னா யாரும் நிமிர்ந்து பார்க்கறதில்லை. அதனால "கிலோவுக்கு இவ்வளவு மிச்சம்"னுதான் ஆரம்பிப்பேன். உடனே பேனாவை எடுப்பாங்க. எனக்கு உப்பு குறைஞ்சா சரி.

என்கிட்ட இருக்கிற பசங்கள்ல ஒருத்தன் அடுத்த வருஷம் தனியாப் போகப் போறான். ஒரு வருஷ வீட்டுச் செலவைக் கையில வச்சுக்கிட்டுப் போடான்னு சொல்லியிருக்கேன். போன வாரம் அவனுக்கும் அந்த 'கிலோவுக்கு இவ்வளவு' ஆஃபர் வந்திருக்கு, வேற சப்ளையர். "என்ன சார் பண்ணட்டும்?"னு கேட்டான். என் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவன் ஒரு பேப்பரை எடுத்து, வீட்டு லோன், தங்கச்சி கல்யாணம்னு அவன் கணக்கைப் போட்டுக் காட்டினான். அதுவும் சரியாத்தான் இருந்தது. சனிக்கிழமை சொல்றேன்னிருக்கான்.