தவறணையின் பின்முற்றம்

பெருநகரத்து மனிதன் ஓய்வு நேரத்திலே தேடுகின்றவற்றுள் ஒன்று மறைவான இடம். வீதியின் இரைச்சல் எட்டாத, தெரிந்த முகங்கள் தென்படாத, மரநிழல் விழுகின்ற ஒரு முற்றம். அங்கே ஒரு கோப்பை, இரண்டு நண்பர்கள். கொழும்பிலே இத்தகைய மதுக்கடை முற்றங்களைக் கண்டுபிடித்து, இரகசியம்போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஒரு நாகரிகமாகவே வளர்ந்துவிட்டது. மாத்தளை பெருநகரமன்று. ஆயினும் அங்கும் இந்தத் தேடல் உண்டு. அதன் பொருள்தான் வேறு.

ஆசிரியத் தொழில் பார்க்கும் நாம் நகரத்துத் தவறணைக்குள் பட்டப்பகலில் நுழைந்துவிட முடியாது. மாணவனின் தகப்பனார் காண்பார்; மறுநாள் வகுப்பறை சிரிக்கும். ஆகவே சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமைகளில் இறத்தோட்டைப் பக்கம் பஸ் ஏறுவோம். நாம் நாடிச் சென்ற இடத்துக்குப் பெயர்ப்பலகை வழிகாட்டவில்லை. வேலியில் சாய்த்து வைத்த சைக்கிள்களும், ஒழுங்கை முனையில் அவித்த கடலை விற்கும் மூதாட்டியும், பலாமரங்களிடையே மிதந்து வந்த புளித்த வாடையுமே வழி காட்டின. பின்புறம் ஒரு மண்முற்றம். கற்களின்மேல் வைத்த பலகைகளே ஆசனம். அப்பால் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள். அவற்றுக்கும் அப்பால் மலை.

கள் காலத்துக்குக் கட்டுப்பட்ட பானம். பாளையிலிருந்து வடியும் இனிய சாறு சில மணி நேரத்துக்குள் நுரைத்துக் கள்ளாகிறது. மேலும் தாமதித்தால் புளித்துக் காடியாகிவிடுகிறது. அதை அவசரமாகக் குடிக்க வேண்டும். ஆனால் அந்த முற்றத்தில் எவரும் அவசரப்படவில்லை. ஒரு போத்தலை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் அமர்ந்திருந்தார்கள்.

ஏன் என்று ஒரு தோட்டத் தொழிலாளியிடம் கேட்டோம். "வேற எங்கங்க ஐயா குந்துறது?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல் அவர். அவர் முன்னோருக்குக் கோப்பித் தோட்டம் தந்த வீடு, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா. முன்னால் ஒரு குறுகிய இஸ்தோப்பு. அங்கேதான் விறகு, அங்கேதான் கோழி, அங்கேதான் பிள்ளையின் பாடப் புத்தகம். கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேச இடமில்லை. துரைமாருக்கு மட்டும் கிளப் இருந்தது.

அவருக்கு முற்றம் தராத ஆட்சி தவறணையைத் தந்தது. பிரித்தானியர் காலத்தில் சாராய விற்பனை உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பரவிய இடங்களில் தவறணைகளும் பரவின. கங்காணியின் கடன் போக எஞ்சிய கூலி அங்கே சென்றது. இந்நாட்டு முதலாளி வர்க்கத்தின் பெருஞ் செல்வங்கள் பல இந்தச் சாராயக் குத்தகையில் முளைத்தவையே என்பதைக் குமாரி ஜயவர்த்தனா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். 1912இல் கலால் முறை மாற்றப்பட்டுக் கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் திறக்கப்பட்டபோது, மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கொதித்தெழுந்தது. 1927இல் இலங்கைக்கு வந்த காந்தியடிகளும் தோட்டத் தொழிலாளரிடம் மதுவைக் கைவிடுமாறு வேண்டினார். அறிவுரை நல்லதுதான். ஆனால் குடியை விட்டவன் மாலையில் எங்கே சென்று அமர்வான் என்பதற்கு விடை தர எவரும் முன்வரவில்லை.

இன்றும் ஒரு நாட்கூலி ஒரு போத்தல் சாராயத்துக்குப் போதாது. கள் கிடைக்காத இடத்தில் கசிப்பு கிடைக்கிறது. அது உயிரையே விலையாகக் கேட்கிறது.

அந்த முற்றத்தில் இன்னொன்றையும் கண்டோம். உள்ளே ஒரு பெண்கூட இல்லை. வேலிக்கு வெளியே, இடுப்பிலே குழந்தையுடன், கணவனின் சட்டைப்பையில் மிஞ்சப்போகும் பணத்துக்காக ஒருத்தி காத்து நின்றாள். பகல் முழுவதும் அவளும் மலையில் நின்றவள்தான். பெண்கள் மது வாங்குவதைத் தடுத்த பழைய விதியை நிதியமைச்சர் 2018 ஜனவரியில் நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தை இரத்துச் செய்வித்தார். அவளுக்குக் கள் வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. உட்காரும் உரிமையாவது அவளுக்கு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். கணவனுக்குத் தவறணையின் பின்முற்றமாவது உண்டு. அவளுக்கு அதுவுமில்லை.

நமக்கு மறைவிடம் ஒரு சுவை. தொழிலாளிக்கு அது கதியின்மை. இந்த வேறுபாட்டை உணராது குடிகாரன் என்று அவரைப் பழிப்பது படித்தவர்க்கு அழகன்று. 2015க்குப் பின் 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் மலைநாட்டில் தொடங்கியது. அதன் பின்னரும் எண்ணற்ற குடும்பங்கள் லயங்களிலேயே முடங்கிக் கிடக்கின்றன. மதுவின் தீமையைப் பற்றி வகுப்பறையில் பேசும் ஆசிரிய நண்பர்கள் அந்த நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும். சொந்த வாசல், வாசலில் ஒரு மரம், மரத்தடியில் கணவனும் மனைவியும் அண்டை வீட்டாரும் சேர்ந்து அமர ஒரு திண்ணை, தோட்டத்துக்கு ஒரு படிப்பகம். இவை வந்தபின் தவறணைக்குப் போவோரும் இருக்கலாம். அன்று அவர்கள் குடிப்பதற்காகப் போவார்கள். உட்கார இடமில்லாமற் போக மாட்டார்கள்.