கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு



நாங்க ரெண்டு பேரும் ஆசிரியர்கள். இதுவரைக்கும் கட்டுநாயக்க போனதெல்லாம் மற்றவங்கள வழியனுப்பத்தான். இந்த டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூர் போவோம் என்று நினைச்சோம். மலேசியாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கணும், சிங்கப்பூருக்கு எங்களுக்குத் தேவையில்ல. பிள்ளைகளுக்கோ செந்தோசா தீவில இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ்தான் வேணும்.

ஒரு கிழமையா இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியும் பேனையும்தான். உள்ளுக்கே ஹலால் சாப்பாடு இருக்கு, அந்தக் கவலை இல்ல. ஆனா மம்மி ரைடுக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேணுமாம். மகனைக் கதவு நிலையில சாய்த்து வைத்து அளந்தோம். 119. அன்றைக்கு அவன் சோறு சரியாத் தின்னல்ல.

கணக்கு ஒருமாதிரி சரிவந்தது. எப்படி சரிவந்தது என்று நாங்க வாய்விட்டுப் பேசிக்கொள்ளல்ல. கொப்பியில 'வங்கி' என்று மட்டும் எழுதியிருந்தோம். அது உம்மாட உம்றாவுக்கு என்று ரெண்டு வருஷமா சேர்த்த காசு.

உம்மாவுக்கு விளங்கிட்டு. "பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. எனக்கும் முழங்கால் நோவு கொஞ்சம் குறையட்டும்" என்றா.

அந்த நோவு வருஷா வருஷம் கூடுதே தவிர குறையல்ல. இரவு நாங்க தூங்கல்ல. விடிய எழும்பி டிராவல்ஸுக்கு எடுத்து உம்றாவுக்குக் கேட்டோம்.

இன்ஷா அல்லாஹ், சிங்கப்பூர் அடுத்த டிசம்பர். போய் வந்தவங்க செலவு விபரம் சொல்லுங்க. மகள் இன்னும் கோபம். மகன் மட்டும் தினமும் கதவு நிலையில போய் நிற்கிறான்.